பிள்ளைகள் கேட்கும் நூடுல்ஸ்

அஸர் தொழுகைக்குப் பிறகு கூடும் எங்கள் கதிர்காமம் மக்தபில், சென்ற ஆண்டு ஒரு நாள், பத்து வயதுச் சிறுவன் ஒருவன் தன் பாடநூலைத் திறந்தான். பக்கத்தின் ஓரமெங்கும் மஞ்சள் நிறப் பொடி அப்பியிருந்தது. விசாரித்ததில், வரும் வழியில் கடையில் ஒரு நூடுல்ஸ் பாக்கெட்டை வாங்கி, வேகவைக்காமலேயே நொறுக்கி, உள்ளிருந்த மசாலாப் பொடியைத் தூவித் தின்றுகொண்டே வந்திருக்கிறான் என்று தெரிந்தது. பாடநூலின் கண்ணியத்தை நினைவூட்டிக் கடிந்துகொண்டேன். பையன் மறுபேச்சின்றிக் கைகழுவி வந்து அமர்ந்தான்.

அன்று மாலை அவனை அழைத்துச் செல்ல வந்த தாயாரிடம் இதைச் சொன்னேன். அந்தச் சகோதரி பெருமூச்சு விட்டார். “நான் என்ன செய்யட்டும் ஹஜ்ரத்? ராத்திரிக்கும் அதுதான் வேணுங்கிறான். அவங்க வாப்பாவுக்கும் அதுதான் புடிக்குது. ஆளுக்கு ரெண்டு பாக்கெட். ரெண்டு நிமிஷத்துல வேலை முடிஞ்சுடுது. அவருக்குச் சர்க்கரை வேற இருக்கு. பெரியாஸ்பத்திரியில மாத்திரை வாங்கிட்டு வந்து, இதையும் சாப்புட்டுப் படுத்துக்கிறார்” என்றார்.

நல்ல அறிவுரை ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். ஒன்றும் தோன்றவில்லை. ‘நூடுல்ஸைக் கண்ணில் காட்டாதீர்கள்’ என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், என் பன்னிரண்டு வயது மகளும் அடுக்களையில் நின்று அதே பாக்கெட்டைத்தான் பிரித்துக்கொண்டிருந்தாள். ஊருக்கு உபதேசம் செய்யுமுன் என் வீட்டு அடுப்பைச் சரிசெய்ய வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. அதன்பின் நானும் என் துணைவியாரும் தேடிப் படித்தவற்றையும், சமைத்துப் பார்த்துத் தெளிந்தவற்றையும் வாசகச் சகோதர சகோதரியருடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நம் ஊருக்கு ஏன் இந்தக் கவலை?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நாடு முழுவதும் நடத்தப்பட்ட நீரிழிவு ஆய்வின் முடிவுகள் 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியாயின. இருபது வயதுக்கு மேற்பட்ட 1,13,000-க்கும் அதிகமானோரைச் சோதித்துச் செய்த ஆய்வு அது. நாட்டளவில் நூற்றுக்கு 11.4 பேருக்கு நீரிழிவு இருப்பதாக அது கணித்தது. மாநில வாரியாகப் பார்த்தால் கோவா 26.4 விழுக்காட்டுடன் முதலிடத்தில் நின்றது. அடுத்து, 26.3 விழுக்காட்டுடன் இரண்டாமிடத்தில் நின்றது நம் புதுச்சேரி. கிட்டத்தட்ட நான்கு பெரியவர்களில் ஒருவர்! வழுதாவூர் சாலையில், நம் கதிர்காமத்திலேயே இருக்கும் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் வாசலில் காலை வேளையில் நின்று பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வியப்பாக இராது. நம் தெருக்காரர்கள், நம் உறவினர்கள், ஏன், நாமே கூட அந்த வரிசையில் இருக்கிறோம்.

இந்நோய்க்குக் காரணம் நூடுல்ஸ் என்று யாரும் சொல்லிவிட முடியாது. வழிவழி வரும் உடல்வாகு, உடலுழைப்புக் குறைவு, உடற்பருமன், மூன்று வேளையும் மாவுப் பண்டமாகவே நிறையும் தட்டு எனப் பல காரணங்கள் கூடி வருவது இது. ஆயினும் இரவு ஒன்பது மணிக்கு ஆளுக்கு இரண்டு பாக்கெட் என்னும் பழக்கம், ஏற்கெனவே சரிந்துகிடக்கும் தராசுத் தட்டில் மேலும் ஒரு கல்லை வைப்பதாகும். தந்தைக்கு அது இன்றைய தொல்லை. மகனுக்கோ நாளைய தொல்லை.

பாக்கெட்டுக்குள் இருப்பது என்ன?

உடனடி நூடுல்ஸை 1958-இல் ஜப்பானில் உருவாக்கியவர் மொமொஃபுகு ஆண்டோ. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உணவுத் தட்டுப்பாட்டைக் கண்ட அவர், கெடாமல் இருக்கும், விரைவில் வேகும் ஓர் உணவைத் தேடினார். வெந்த மாவிழைகளைக் கொதிக்கும் எண்ணெயில் பொரித்தெடுப்பதே அவர் கண்ட வழி. பொரிக்கும்போது இழையிலுள்ள நீர் ஆவியாக வெளியேறுகிறது. அந்த இடங்களில் நுண்ணிய துளைகள் விழுகின்றன. பின்னர் வெந்நீர் ஊற்றியதும் அத்துளைகள் வழியே நீர் புகுந்து இழை உடனே இளகிவிடுகிறது. ‘இரண்டு நிமிடம்’ என்பதன் மர்மம் இதுதான். நம் நாட்டில் 1983-இல் மேகி வந்தபோது பரவியதும் இந்தப் பொரித்த வகையே.

ஆக, நாம் ‘வேகவைத்துச் சாப்பிடுகிறோம்’ என்று எண்ணும் பண்டம் முன்னரே எண்ணெயில் பொரிக்கப்பட்டது. பொரித்த நூடுல்ஸில் 100 கிராமுக்கு 15 முதல் 20 கிராம் வரை கொழுப்பு இருப்பது வழக்கம். பெரும்பாலும் அது பாமாயில். மாவோ பெரும்பாலும் மைதா. கோதுமையின் தவிடும் நாரும் நீக்கப்பட்ட வெறும் வெண்மாவு.

அடுத்தது உப்பு. பாக்கெட்டின் பின்புறம் ‘சோடியம்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 100 கிராமில் 1,200 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தால், 70 கிராம் பாக்கெட் ஒன்றில் 840 மில்லிகிராம் சோடியம், அதாவது 2.1 கிராம் உப்பு. இரண்டு பாக்கெட் தின்றால் 4.2 கிராம். பெரியவர் ஒருவர் நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவான உப்பே உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஒரே இரவுணவில் ஏறக்குறைய நாள் முழுவதற்குமான உப்பு உள்ளே போய்விடுகிறது. சர்க்கரை நோயுடன் இரத்த அழுத்தமும் சேர்ந்து வருவது எத்தனை வீடுகளில் நாம் காண்பது!

2015-ஆம் ஆண்டு நடந்தது பலருக்கு நினைவிருக்கும். மேகி மாதிரிகளில் அளவுக்கு மேல் ஈயம் இருப்பதாகவும், மோனோசோடியம் குளுட்டமேட் பற்றிய விளம்பர வாசகம் தவறானது என்றும் கூறி, ஜூன் மாதம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்குத் தடை விதித்தது. சோதனை நடந்த ஆய்வுக்கூடங்கள் உரிய அங்கீகாரம் பெற்றவை அல்ல என்று சுட்டி, ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. மறு சோதனைகளுக்குப் பின் நவம்பரில் அது கடைகளுக்குத் திரும்பியது. அந்தச் சில மாதங்கள் வீடுகளில் பேச்செல்லாம் ஈயத்தையும் அஜினமோட்டோவையும் பற்றியே இருந்தது. மைதாவையும் பாமாயிலையும் உப்பையும் பற்றி அதிகம் பேசப்படவில்லை. அந்த மூன்றும் பின்னட்டையில் அன்றும் வெளிப்படையாக அச்சாகியிருந்தன, இன்றும் அச்சாகின்றன. நாம்தான் திருப்பிப் பார்ப்பதில்லை.

இது நமக்கு அந்நியப் பண்டமா?

‘சீனாக்காரன் சாப்பாட்டை நம் பிள்ளைகள் ஏன் தின்ன வேண்டும்?’ என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. அவர்களிடம் பணிவோடு ஒன்று சொல்ல வேண்டும். மாவிழைகள் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. சீனாவின் சிங்ஹாய் மாநிலத்தில் லாஜியா என்னுமிடத்தில், மண்ணில் கவிழ்ந்து கிடந்த ஒரு கிண்ணத்தின் அடியில், சுமார் 4,000 ஆண்டுப் பழமையான நூடுல்ஸ் கிடைத்ததாக 2005-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். உண்மைதான். ஆனால் புவியியல் அறிஞர் அல்-இத்ரீஸி, சிசிலி மன்னர் ரோஜருக்காக 1154-இல் எழுதி முடித்த நூலில், பலெர்மோவை அடுத்த தராபியா என்னும் ஊரில் ‘இத்ரிய்யா’ என்ற மாவிழைகள் பெருமளவில் செய்யப்பட்டு, முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் கப்பல் கப்பலாக அனுப்பப்பட்டதைக் குறித்திருக்கிறார். சீனாவிலேயே லான்சோ நகரத்து ஹூயி முஸ்லிம்கள் கையால் இழுத்து இழுத்துச் செய்யும் நூடுல்ஸ் அந்நாடு முழுவதும் பெயர் பெற்றது. நம் தமிழ் வீடுகளிலோ இடியாப்பமும் சேவையும் தலைமுறை தலைமுறையாய் இருந்துவருகின்றன. நாழியில் பிழியும் அரிசி நூடுல்ஸ் என்று அவற்றைச் சொன்னால் தவறில்லை.

இன்னும் நெருக்கமான உறவும் இருக்கிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ‘மீ கோரெங்’ என்றொரு உணவு உண்டு. ‘மீ’ என்பது ஹொக்கியன் சீனர் நூடுல்ஸுக்குச் சொல்லும் பெயர். ‘கோரெங்’ என்றால் மலாய் மொழியில் பொரித்தது, வறுத்தது. இந்த இரு சொல்லையும் ஒரே வாணலியில் சேர்த்துப் புகழ் பெறச் செய்தவர்கள், நாகப்பட்டினத்திலும் நாகூரிலும் காரைக்காலிலும் இராமநாதபுரம் கடற்கரையிலும் இருந்து கப்பலேறிச் சென்ற நம் தமிழ் முஸ்லிம்கள். அங்குள்ள மக்கள் அவர்களை ‘மாமாக்’ என்றழைத்தார்கள். நம்முடைய ‘மாமா’ என்ற உறவுச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. சீனரின் மஞ்சள் நூடுல்ஸை எடுத்து, பன்றி இறைச்சியும் கொழுப்பும் இல்லாமல், மிளகாய் விழுது, தக்காளி, முட்டை, பயற்றுமுளை, எலுமிச்சை ஆகியவற்றைச் சேர்த்து ஹலாலாக வறுத்துத் தந்தார்கள். சீனர் செய்த இழை, மலாய்க்காரர் இட்ட பெயர், தமிழ் முஸ்லிம் கைப்பக்குவம்!

என் பாட்டனார் காரைக்காலிலிருந்து ‘ரஜூலா’ கப்பலில் பினாங்கு சென்று சில காலம் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தவர். திரும்பி வந்த பின், பெருநாளுக்கு மறுநாள் எஞ்சிய கறியைப் போட்டு வாணலியில் மீ கிண்டித் தருவாராம். நூடுல்ஸ் கிடைக்காத காலத்தில் இடியாப்பத்தை உதிர்த்துப் போட்டுக் கிண்டியிருக்கிறார். இதை என் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நம் புதுச்சேரிக்குக் கிழக்கே இன்னொரு வாசலும் இருந்தது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இங்கிருந்தும் காரைக்காலிலிருந்தும் சைகோனுக்கு வேலைக்கும் வணிகத்துக்கும் சென்றோர் பலர். சைகோன் நகர மையத்தில், டோங் டூ தெருவில், தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் கட்டிய பள்ளிவாசல் இன்றும் தொழுகையோடு விளங்குகிறது. அங்கிருந்து திரும்பிய குடும்பங்களின் வழியே அரிசித் தாளில் சுருட்டிய வியட்நாம் பண்டங்களும், பாசிப்பயற்று மாவில் செய்த கண்ணாடி நூடுல்ஸும் நம் நகரத்துச் சில அடுக்களைகளில் குடியேறின. ஆகவே நூடுல்ஸைக் கண்டு நாம் மிரள வேண்டியதில்லை. நம் முன்னோர் அதைத் தங்கள் கைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். நம் காலத்து நோய்க்கு ஏற்ப நாமும் மாற்றிக்கொள்ளலாம்.

மாற்ற வேண்டியது அளவை

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு வழிகாட்டியில், நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்குத் தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம் என்று வகுத்திருக்கிறது. தானியத்தைவிடக் காய் அதிகம் என்பதைக் கவனியுங்கள். நம் வீடுகளில் நடப்பது நேர்மாறானது. சோறோ, பரோட்டாவோ, நூடுல்ஸோ தட்டை நிறைக்கும். காய் ஓரத்தில் ஒரு கரண்டி கிடக்கும்.

எங்கள் வீட்டில் நாங்கள் வகுத்துக்கொண்ட விதி இதுதான்: நூடுல்ஸ் ஒரு பங்கு என்றால், காய்கறி மூன்று பங்குக்குக் குறையக் கூடாது, முட்டை, கோழி, பயறு இவற்றில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். பெரியவர் ஒருவருக்கு உலர்ந்த நூடுல்ஸ் 40 கிராம் போதும். ‘இது எந்த மூலைக்கு?’ என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது. வெந்தபின் அது இரண்டு மடங்குக்கு மேல் பெருகும். அதோடு 150 கிராம் காய் சேரும்போது தட்டு நிறைந்துவிடும், வயிறும் நிறைந்துவிடும். 40 கிராமில் மாவுச்சத்து ஏறக்குறைய 28 கிராம். இரண்டு பாக்கெட்டில் அது 80 கிராமைத் தாண்டும். வேறுபாடு எவ்வளவு என்று பாருங்கள்.

கடையில் வாங்கும்போது ‘ஹக்கா நூடுல்ஸ்’ என்ற பெயரில் விற்கும் உலர்ந்த வகையைக் கேளுங்கள். பெயரை மட்டும் நம்ப வேண்டாம். பின்னட்டையில் கொழுப்பின் அளவைப் பாருங்கள். 100 கிராமுக்கு இரண்டு, மூன்று கிராம் என்றிருந்தால் பொரிக்காதது. பதினைந்தைத் தாண்டினால் பொரித்தது. அடுத்து, சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் எழுதப்பட்டிருக்கும். முகப்பில் ‘ஆட்டா’ என்றோ ‘சிறுதானியம்’ என்றோ பெரிதாகப் போட்டு, பட்டியலில் முதலில் மைதா இருந்தால், அதற்கேற்ப முடிவு செய்துகொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பாக்கெட்டுகளை வாங்குவோர் ஹலால் முத்திரையையும் பார்க்க வேண்டும். ‘631’ என்ற எண்ணால் குறிக்கப்படும் சுவையூட்டி, விலங்கிலிருந்தும் எடுக்கப்படலாம், மாவுப்பொருளைப் புளிக்கவைத்தும் எடுக்கப்படலாம். எதிலிருந்து என்று தெரியாதபோது விட்டுவிடுவதே பேணுதல். சீன, ஜப்பானியச் சமையல் குறிப்புகளில் அரிசி மது ஊற்றச் சொல்லியிருப்பார்கள். அதன் இடத்தில் எலுமிச்சைச் சாறோ நீர்த்த புளிக்கரைசலோ சேர்த்தால் சுவை குன்றாது.

தேவையானவை (நான்கு பேருக்கு)

பொரிக்காத கோதுமை நூடுல்ஸ் – 160 கிராம்
முட்டைக்கோஸ் – 200 கிராம்
காரட் – 150 கிராம்
பீன்ஸ் – 100 கிராம்
முளைகட்டிய பாசிப்பயறு – 100 கிராம்
குடைமிளகாய் – 1
பெரிய வெங்காயம் – 1
தக்காளி – 2
முட்டை – 4 (அல்லது எலும்பில்லாத கோழிக்கறி 200 கிராம்)
காய்ந்த மிளகாய் – 4
பூண்டு – 8 பல்
இஞ்சி – சிறு துண்டு
சோயா சாஸ் – 1 மேசைக்கரண்டி
கடலை எண்ணெய் – 2 மேசைக்கரண்டி
மிளகுத்தூள் – அரைத் தேக்கரண்டி
எலுமிச்சம்பழம் – 1
வெங்காயத்தாள் அல்லது கொத்துமல்லி – ஒரு கைப்பிடி

தனியாக உப்பு வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸிலேயே சுமார் இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. நால்வருக்கும் பகிர்ந்தால் ஆளுக்கு அரைக் கிராமுக்குச் சற்று மேல் வரும். முதல் நாள் சப்பென்றிருப்பதாகத் தோன்றினால், எலுமிச்சையைக் கூடுதலாகப் பிழியுங்கள். புளிப்பும் காரமும் உப்பின் குறையை மறக்கடிக்கும்.

செய்முறை

மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, பூண்டு, இஞ்சி, தக்காளியுடன் மைய அரைத்துக்கொள்ளுங்கள். மாமாக் கடைகளின் மணம் பெரிதும் இந்த விழுதில்தான் இருக்கிறது. பாக்கெட்டு மசாலாவுக்கு இனி வேலையில்லை.

காய்களைக் கழுவி, நன்றாக நீர் வடித்து, துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு தீக்குச்சி கனத்தில் நீளவாக்கில் அரியுங்கள். ஈரம் இருந்தால் காய் வதங்காது. தன் நீரிலேயே அவிந்து குழைந்துவிடும். வறுவலின் முதல் பகை ஈரம்தான்.

அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் நன்கு கொதித்ததும் நூடுல்ஸைப் போடுங்கள். பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னதாகவே இறக்கி வடித்துவிடுங்கள். குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசி, அகலமான தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். வாணலியில் மீண்டும் சூடேறும்போது மீதி வேக்காடு முடிந்துவிடும். முழுவதும் வேகவைத்துவிட்டுக் கிண்டுவதால்தான் பல வீடுகளில் அது கூழாகிறது.

இரும்பு வாணலியைப் புகை எழும் வரை காயவைத்து, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றுங்கள். கடைக்காரரின் அடுப்பில் எரியும் தீ நம் வீட்டு அடுப்பில் எரியாது. எனவே நால்வருக்கும் ஒரே தடவையில் கிண்டாமல், இரண்டு தடவையாகக் கிண்டுங்கள். இது சிறு தொல்லைதான். ஆனால் வாணலி நிரம்பி வழிந்தால் சூடு இறங்கி, வறுவல் அவியலாகிவிடும்.

முதலில் அரைத்த விழுதில் பாதியைப் போட்டுப் பச்சை வாசனை போக வதக்குங்கள். பின் வெங்காயம், அடுத்துக் காரட்டும் பீன்ஸும், இரண்டு நிமிடம் கழித்துக் கோஸும் குடைமிளகாயும் பயற்றுமுளையும். தீயைக் குறைக்காமல் மேலும் இரண்டு, மூன்று நிமிடம் புரட்டுங்கள். பயற்றுமுளை நன்றாகச் சூடேறி வேக வேண்டும். மற்றக் காய்கள் பாதி வேக்காட்டில், கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும்.

காய்களை ஓரமாக ஒதுக்கி, நடுவில் இரண்டு முட்டைகளை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள். கோழிக்கறி சேர்ப்பதானால், அதை மெல்லிய கீற்றுகளாக அரிந்து, காய்களுக்கு முன்பே தனியாக வதக்கி, உட்புறம் வரை வெந்ததும் எடுத்து வைத்துக்கொண்டு, இப்போது சேர்க்கலாம். பின் பாதி நூடுல்ஸைப் போட்டு, பாதி சோயா சாஸை வாணலியின் ஓரத்தைச் சுற்றி ஊற்றுங்கள். சூடான இரும்பில் பட்டதும் எழும் அந்த மணமே பிள்ளைகளை அடுக்களைக்கு இழுத்துவந்துவிடும். இரண்டு கரண்டிகளால் அடியிலிருந்து தூக்கித் தூக்கி ஒரு நிமிடம் புரட்டி, மிளகுத்தூளும் வெங்காயத்தாளும் தூவி இறக்கி, எலுமிச்சை பிழியுங்கள். மீதிப் பாதியையும் இதேபோல் செய்யுங்கள். அரிவது முதல் இறக்குவது வரை எங்கள் வீட்டில் முப்பத்தைந்து நிமிடம் ஆகிறது. இரண்டு நிமிடம் அன்று. ஆனால் சோறும் குழம்பும் வைக்கும் நேரத்தைவிடக் குறைவுதான்.

நூடுல்ஸ் இல்லாத நாளில் ராகி சேமியாவை மூன்று நிமிடம் நீரில் நனைத்து வடித்து, இட்லித் தட்டில் ஆவியில் வேகவைத்து இதேபோல் கிண்டலாம். ஆறிய இடியாப்பத்தை உதிர்த்தும் செய்யலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: அரிசி இடியாப்பமும் மாவுச்சத்துதான். ‘நம்ம ஊர் பண்டம்’ என்பதற்காக அளவை மீறினால் சர்க்கரை ஏறாமல் இருக்காது. ஒன்றுக்கு மூன்று என்ற விதி அதற்கும் பொருந்தும்.

நோயாளிகளுக்கும் தாய்மார்களுக்கும்

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள், இதைப் படித்துவிட்டுத் திடீரென மாவுப் பண்டத்தைப் பாதியாகக் குறைத்துவிட வேண்டாம். மருந்தின் அளவு நீங்கள் உண்ணும் உணவையும் கருதி வகுக்கப்பட்டது. உணவு குறைந்து மருந்து குறையாதிருந்தால் சர்க்கரை மிகவும் தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். தட்டிலுள்ள காயையும் முட்டையையும் முதலில் உண்டு, நூடுல்ஸைப் பின்னர் உண்டால் இரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் தணிகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதற்குச் செலவும் இல்லை, சிரமமும் இல்லை. இயன்றவரை இரவுணவை இஷாவுக்கு முன்பே முடித்துக்கொண்டு, பள்ளிவாசலுக்கு நடந்து போய் வருவது இன்னும் நல்லது.

தாய்மார்களே! முதல் நாளிலேயே ஒன்றுக்கு மூன்று என்று போட்டால் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுவார்கள். முதல் வாரம் சரிபாதி வையுங்கள். அடுத்த வாரம் காயைக் கூட்டுங்கள். காயை நூடுல்ஸ் போலவே மெல்லிதாக, நீளமாக அரிந்தால் பொறுக்கி எடுத்து வைக்கவும் முடியாது! பிள்ளைகளையே பயறு முளைகட்டச் சொல்லுங்கள். தான் நனைத்து, தான் துணியில் கட்டி, தான் முளை பார்த்த பயற்றை எந்தப் பிள்ளையும் வெறுப்பதில்லை. என் மகள் அதற்குச் சாட்சி.

இந்தக் குறிப்பை என் துணைவியார் ஒரு தாளில் எழுதி, அந்தச் சிறுவனின் தாயாரிடம் கொடுத்தனுப்பினார். அடுத்த சில வாரங்கள் எதுவும் தெரியவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு நாள் அந்தச் சகோதரி வந்து, “அவங்க வாப்பா டாக்டர்கிட்ட கேட்டுட்டாங்க ஹஜ்ரத். இப்ப தராசு வாங்கி வெச்சு நாப்பது கிராம் எடை போட்டுத்தான் கேக்கிறாங்க. ஆனா வாரத்துல ஒரு நாள் பாக்கெட்டும் வேணுமாம்” என்று சிரித்தார். ஒவ்வொரு இரவும் என்றிருந்தது வாரத்துக்கு ஒன்றாகியிருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்!

மறுநாள் அஸருக்குப் பின் பையன் தன் டிபன் டப்பாவை என் முன்னால் வைத்துத் திறந்தான். எனக்காகக் கொண்டு வந்தானாம். நூடுல்ஸ் கொஞ்சம், கோஸ் நிறைய, முட்டை, முளைவிட்ட பயறு. காரட்டை மட்டும் ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்திருந்தான். “உம்மா காரட்டைத் தடியா அரிஞ்சிட்டாங்க ஹஜ்ரத்” என்றான். அவனைக் கைகழுவி வரச் சொல்லி, நானும் கழுவிக்கொண்டு, பிஸ்மி சொல்லி இருவருமாக உண்டோம். அதன்பிறகே பாடநூலைத் திறந்தோம்.